மூடிக்குப் பூசிய குங்குமம்

ஆஸ்பத்திரிக்குத் திராட்சைப் பழம் வாங்கிக்கொண்டு வருகிறவரைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். வாழைப்பழம் கொண்டுவந்தால் சொந்தக்காரர். பாணும் சீனியும் கொண்டுவந்தால் பக்கத்து வீட்டுக்காரர். விதையில்லாத திராட்சையும் சத்துமா டின்னும் சேர்ந்து வந்தால், வந்தவருக்கு நம்மிடம் ஏதோ வேலை ஆகவேண்டியிருக்கிறது.

இப்படிச் சொன்னால் என் வீட்டுக்காரர் சந்திரன் சிரிப்பார். "ஒனக்கு சாமியே நேர்ல வந்து நின்னாலும் பேரு ஊரு விசாரிச்சிட்டுத்தான் கும்புடுவ" என்பார். இருக்கட்டும். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஈரம் என்று கொஞ்சம் கழிப்பார்கள், சாக்கு என்று கொஞ்சம் கழிப்பார்கள், அம்மா முதுகு ஒடியப் பறித்த கொழுந்து கண்ணுக்கு முன்னாலேயே குறைந்துபோகும். கேட்டால் "தராசு பொய் சொல்லுமா" என்பார்கள். தராசு பொய் சொல்லாதுதான், அதைப் பிடித்திருந்த கையைத்தான் நான் பார்ப்பேன். அப்போது வந்த புத்தி இன்னும் போகவில்லை.

என் பெயர் மேரிபுஷ்பம். றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் தோட்டம் வரும். தோட்டத்தின் பெயரை எழுதப் போவதில்லை, இன்னமும் அங்கேதான் எனக்கு வேலை. பேக்டரியில் தூள் சலிக்கும் பக்கம் இருக்கிறேன். வலது கையில் இப்போது பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம். இதை இடது கையால் எழுதுகிறேன், அதனால் நீட்டி முழக்க மாட்டேன். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வரிசை வீடுகளாக இருக்கிற எங்கள் லயத்தில் யாருக்காவது வேலையில் அடிபட்டால் "அக்கா, நீ என்ன செஞ்ச, எங்க போன" என்று என்னிடம்தான் வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது.

காய்ந்த தூளைச் சல்லடை மெஷினுக்கு ஏற்றிக்கொண்டு போக ஒரு பெல்ட் இருக்கிறது. அதன் அடியில் இருக்கும் உருளையில் நாரும் குச்சியும் சுற்றிக்கொள்ளும். சுற்றினால் பெல்ட் வழுக்கும். மெஷினை நிறுத்திவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நிறுத்தினால் பின்னால் தூள் குவிந்துவிடும், பேக்டரியை நடத்துகிற டீமேக்கர் ஐயா சத்தம் போடுவார். அதனால் ஓடும்போதே கையை விட்டு நாரை இழுப்போம். உருளைக்குக் கம்பிவலையில் ஒரு மூடி இருந்தது. அது இருந்தால் கை நுழையாது, அதற்காகத்தானே மூடி. ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றி மாட்ட நேரமில்லை என்று தீபாவளிக்கு முன்பே மெஷின் பழுது பார்க்கிற பிட்டரை விட்டுக் கழற்றிச் சாமான் காம்பராவில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கழற்றச் சொன்னவர் டீமேக்கர் ஐயா. சல்லடைப் பக்கம் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும்.

பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள், நார் இழுக்கப் போன என் கையை உருளை இழுத்துக்கொண்டது. வலி உடனே வரவில்லை. கை மட்டும் சூடாக இருந்தது, கொதிக்கிற தண்ணீரில் வைத்தது போல. கத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். ஓடி வந்து சுவிட்சை அமத்தியவர் மாரிமுத்து அண்ணன்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் நான் அதிகமாகச் சந்தேகப்பட்டது அவரைத்தான். கொழுந்து அரைக்கும் பக்கம் வேலை. லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். அவர் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். பேக்டரி மூலையில் ரோதமுனிக்கு ஒரு கல்லும் சூலமும் உண்டு. சுற்றுகிற ரோதைச் சக்கரங்களுக்கெல்லாம் காவல் அந்தச் சாமி. வெள்ளிக்கிழமை பூசை போடுவது மாரிமுத்து அண்ணன். நான் வேதக்காரி, எனக்கு அந்தோனியார் போதும். ஆனால் பூசைச் சுண்டல் கொடுத்தால் வேண்டாம் என்று சொன்னதில்லை.

தோட்டத்து அம்புலன்ஸ் ரிப்பேரில் கிடந்தது. கையைத் துணியில் சுற்றிக் கொழுந்து லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு ஊசி போட்டார்கள். இரும்பு வெட்டினால் சில நாளில் தாடை பூட்டிக்கொண்டு உடம்பே விறைக்கிற நோய் வருமாம், அது வராமல் இருக்க. பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் ஒன்றும் பேசாமல் கண்டிக்கு அனுப்ப எழுதினார். டாக்டர்மார் பேசாமல் இருந்தால் நல்லதில்லை என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது.

கண்டியில் ஒரு சின்ன வயது டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நர்ஸ் மிஸ் தமிழில் சொன்னார். மூன்று விரலிலும் எலும்பு நொறுங்கியிருக்கிறது, அதை வேண்டுமானால் கம்பி வைத்துக் கட்டிவிடலாம். ஆனால் விரலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் நசுங்கிப்போயிற்று. ரத்தம் போகாத சதை செத்துவிடும். செத்த சதையை வைத்திருந்தால் அது பக்கத்தில் இருக்கிற நல்ல சதையையும் கெடுக்கும்.

"அப்போ வெட்டப் போறாங்களா மிஸ்?"

"மிச்சக் கைய காப்பாத்தணும்மா" என்றார் மிஸ்.

அழுதேன். சந்திரன் வெளியே நின்றுகொண்டிருந்தார், அவருக்குக் கேட்கட்டும் என்றே அழுதேன். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று இடது பெருவிரலை மையில் வைத்து அழுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான், பத்தாம் வகுப்பு வரை போனவள். கைநாட்டு வைத்த போதுதான் கை போய்விட்டது என்று முழுசாக உறைத்தது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. தியேட்டருக்கு இரண்டாம் தடவையும் கொண்டுபோனார்கள், காயத்தில் சீழ் பிடித்துவிட்டது. மயக்கம் கொடுத்து, கெட்டுப்போனதைச் சுரண்டிக் கழுவுவார்கள். அது ஆறியதும் தொடையிலிருந்து தோலை மெலிதாகச் சீவி எடுத்துக் கையில் ஒட்டினார்கள். ஒன்று சொல்கிறேன், இதை எந்த டாக்டரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: கையைவிடத் தொடைதான் அதிகம் எரியும். இன்னொன்று, வெட்டி எடுத்த விரல் வலிக்கும். நடுவிரல் நுனியில் அரிப்பெடுக்கும், சொறியப் போனால் அங்கே கட்டுத்தான் இருக்கும். மிஸ்ஸிடம் சொன்னேன், பைத்தியம் என்று நினைப்பாரோ என்று பயந்துகொண்டே. "எல்லாருக்கும் அப்படித்தான். விரல் போன சேதி மூளைக்கு இன்னும் போய்ச் சேரல்ல" என்றார். என் மூளைக்கே என் விரலைப் பற்றி உண்மை தெரியவில்லை, பிறகு நான் வேறு யாரை நம்புவது?

டீமேக்கர் ஐயா என்னைப் பார்க்க வந்தது அப்போதுதான். திராட்சை, சத்துமா, கூடவே ஒரு புது பிளாஸ்க். எங்கள் பேக்டரியில் நாங்கள் கேட்டு நச்சரித்தாலும் கையுறை வாங்கித் தராத மனுஷன், தோட்டத்து வானை எடுத்துக்கொண்டு கண்டி வரைக்கும் வந்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தொழிலாளி பக்கத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எப்புடி இருக்கு புஷ்பம்?"

"இருக்கேங்க ஐயா."

"தொரை ரொம்ப வருத்தப்பட்டாரு. என்ன ஒதவின்னாலும் செய்யச் சொல்லியிருக்காரு. ஒன் மகளுக்கு ஆபீஸ்ல ஒரு வேலகூட பாக்கலாம்னாரு."

அவர் கொஞ்சம் கிட்டே குனிந்தார்.

"பொலிஸ்காரங்க வந்து கேப்பாங்க. நீ பயப்படாத. தொடைக்கிறதுக்கு மூடிய கழட்டுனேன், கை மாட்டிக்கிச்சுன்னு சொல்லிரு. தொடைக்கத்தானே கைய விட்ட, அது உண்மைதானே."

"மூடிதான் அங்க இல்லீங்களே ஐயா."

"அத ஏன் பெருசாக்கிக்கிட்டு. பிட்டர் பேருதான் கெடும். அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா, பாவம்."

பிட்டர் மனைவி மாசமாக இருந்தது உண்மை. அவர்கள் பாவம் என்பதும் உண்மை. பொய்யைச் சொல்லச் சொல்கிறவர் அதோடு ஒரு நிஜத்தையும் சேர்த்து முடிந்து கொடுப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூடியைப் பற்றி அவருக்கு ஏன் இத்தனை கவலை என்று மட்டும் புரியவில்லை. திராட்சையை நான் தொடவில்லை. பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த சோமாவதி அக்காவிடம் கொடுத்தேன். அவர் முழுசும் சாப்பிட்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கிற பொலிஸ் காவலில் இருந்து ஒரு சார்ஜன்ட் கொப்பியோடு வந்தார். சிங்களம் எழுத வராது எனக்கு, பேசுவேன். "கவர் எக திபுனெ நே" என்றேன். மூடி இருக்கவில்லை என்று. இரண்டு தடவை சொன்னேன். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பெருவிரலை வைத்தேன். சார்ஜன்டுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரிமுத்து அண்ணனின் சம்சாரம் காளியம்மா வந்தாள். இரண்டு பஸ் மாறி, மடியில் சோற்றுக் கேரியரை வைத்துக்கொண்டு. நாட்டுக்கோழி அடித்து மிளகு ரசம் வைத்திருந்தாள். அவர்கள் வீட்டில் இருந்ததே அந்த ஒரு கோழிதான். தானே ஊட்டிவிட்டாள். ஊட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஒனக்காகத்தான் புஷ்பம் அன்னைக்கே பூசை போட்டோம். ரத்தம் விழுந்த மெஷின சும்மா ஓட்டுனா ரோதமுனி இன்னொரு ஆளக் கேப்பாருல்ல. மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவி, தேங்கா ஒடச்சு, மூடியெல்லாம் மாட்டி குங்குமம் பூசி, ஒங்க அண்ணன்தான் எல்லாம் செஞ்சாரு. ஒன் பேரச் சொல்லித்தான் சூடம் காட்டுனாரு."

"எந்த மூடி?"

"பெல்ட்டு மூடிதான்."

"அது சாமான் காம்பராவுல பூட்டிக் கெடந்துச்சே."

"தொறந்து குடுத்திருப்பாங்க."

"யாரு தொறந்து குடுத்தா?"

"எனக்கென்ன தெரியும். சாப்புடு, ஆறிரும்."

அவள் நீட்டிய சோற்றை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன். எங்கள் தோட்டத்து ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு காரியம் செய்திருக்க மாட்டார்கள். டவுனில் ஒரு கடையில் அடிபட்டால் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு போனில் படம் பிடிப்பார்கள். எங்கள் ஆட்கள் கழுவி விடுவார்கள். ரத்தம் பட்ட இடம் அப்படியே கிடந்தால் தீட்டு. குறைப்பட்டு நிற்கிற மெஷினுக்குப் பூசையும் போட மாட்டார்கள், எல்லா அங்கமும் மாட்டி முழுசாக நிற்க வேண்டும். எனக்காக, என் மேல் இருந்த பாசத்தில்தான், என் பக்கம் பேச இருந்த ஒரே சாட்சியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, மூடி போட்டு, பொட்டும் வைத்துவிட்டார்கள். இனி யார் வந்து பார்த்தாலும் மூடி இருக்கும்.

பாசம்தானா என்பதும் எனக்குச் சந்தேகம். அதற்கு அடுத்த வாரம் சந்திரன் வந்து சாதாரணமாகச் சொன்னார், மாரிமுத்து அண்ணனைப் பேக்டரிக்குக் கங்காணியாகப் போட்டிருக்கிறார்களாம். எத்தனையோ வருஷமாக அந்த வேலையைக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷன். என் கை போன உடனே எப்படிக் கிடைத்தது?

"நீ வேற. வயசுக்கு மூத்த ஆளு, குடுத்திருக்காங்க" என்றார் சந்திரன்.

"அன்னைக்கு நீங்களும் டீமேக்கர்கூட வான்லதான வந்தீங்க."

"பஸ்ஸுக்குக் காசு மிச்சம்னு வந்தேன் புள்ள. அதுக்கும் சந்தேகமா?"

காசு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கட்டிலும் ஆபரேஷனும் சும்மாதான், ஆனால் சும்மா என்பதற்கும் செலவு இருக்கிறது. வெளியே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிற மருந்து, ஒவ்வொரு தடவையும் கண்டிக்கு வந்து போகிற பஸ், கூட நிற்கிறவரின் சாப்பாடு, வேலைக்குப் போகாததால் நாள் சம்பளக் கணக்கில் விழாத பேர். என் தோட்டை வட்டிக்கடையில் வைத்துவிட்டு அதைச் சொல்லாமல் இருந்தார். நான் கேட்கவுமில்லை. அவருக்குள் இருந்த பயம் வேறு. நாங்கள் இருக்கிற காம்பரா தோட்டத்துடையது. சண்டை போட்டால் வெளியே போ என்பார்களோ என்று தூக்கமில்லாமல் அலைந்திருக்கிறார்.

"கெடைக்கிறத வாங்கிக்கிட்டு அமைதியா இருந்துருவோமே" என்றார், என் இடது கையைப் பிடித்துக்கொண்டு. "ஒரு கையி போச்சு. இருக்கிற எடமும் போயிறக் கூடாது."

அவர் என்னை விற்கப் பார்க்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர் தலைமுடி அந்த ஒரு மாதத்தில் எவ்வளவு நரைத்துவிட்டது என்று பார்த்ததும் அப்படி நினைப்பதை விட்டேன்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியதும் டவுனில் இருக்கிற தொழில் காரியாலயத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் யார் யார் மேல் குற்றம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். பிட்டர், டீமேக்கர், மாரிமுத்து அண்ணன். அங்கே இருந்த மிஸ் தமிழ் ஆள், கண்ணாடி போட்ட நடுவயதுக்காரி. என் அடுக்கை முழுசாகக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"யாரு தப்புன்னு இங்க யாரும் கேக்க மாட்டாங்கம்மா. ஒங்க கவனக்கொறைவா இருந்தாலும் பரவாயில்ல. வேலை செய்ற எடத்துல, வேலை செய்யும்போது அடிபட்டுச்சா, நட்டஈடு குடுக்கணும். அதுதான் சட்டம்."

"அப்போ எதுக்கு மிஸ் டீமேக்கர் ஐயா திராட்சைப் பழம் வாங்கிட்டு வந்தாரு?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு விளக்கினார். சட்டத்தில் சில விலக்குகள் இருக்கின்றன. குடித்துவிட்டு வேலை செய்து அடிபட்டால் கொடுக்கத் தேவையில்லை. பாதுகாப்புக்குப் போட்ட உத்தரவைத் தெரிந்தே மீறினால் தேவையில்லை. பாதுகாப்புக்கு மாட்டியிருந்த மூடியைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தாலும் தேவையில்லை. "தொடைக்கிறதுக்கு மூடிய கழட்டுனேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அங்கேயே முடிஞ்சிருக்கும்" என்றார்.

மற்றதையும் சொன்னார், வேண்டியவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். எந்த விரல், எந்தக் கணு வரை போனது என்பதைச் சட்ட வைத்திய அதிகாரி பார்த்து, சம்பாதிக்கிற சக்தியில் எவ்வளவு போய்விட்டது என்று எழுதுவார். அதை வைத்துத்தான் தொகை. கை ஆறும்வரை வேலைக்குப் போக முடியாத காலத்துக்கும் தனியாக ஒரு கொடுப்பனவு கேட்கலாம். தோட்டம் கூப்பிட்டுக் கையில் ஏதாவது கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றால் சம்மதிக்கக் கூடாது, எல்லாம் நட்டஈட்டு ஆணையாளர் காரியாலயம் வழியாக வரவேண்டும். ஆஸ்பத்திரி டிக்கட், க்ளினிக் கொப்பி, ஒரு சீட்டைக்கூடத் தொலைக்கக் கூடாது.

"தோட்டத்துல மூடி இருந்துச்சுன்னு சொல்றாங்க. நான் வந்து பாக்கணும்" என்றார் கடைசியாக. அவர் வந்து பார்த்தால் மூடி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அவர் பேக்டரிக்கு வந்த அன்று என்னையும் சந்திரனையும் கூப்பிட்டிருந்தார்கள். மெஷினை அமத்தி வைத்திருந்தார்கள். சத்தமில்லாத பேக்டரியைப் பார்க்கவே என்னவோ போல இருந்தது. மூடி மாட்டியிருந்தது, நடுவில் குங்குமம் காய்ந்து கறுத்துப்போய். சல்லடைப் பக்கத்துப் பெண்கள் சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. டீமேக்கர் ஐயா புதுச் சட்டை போட்டிருந்தார்.

"மூடி எப்பவும் இருக்கு மிஸ். இந்தம்மாதான் தொடைக்கிறதுக்குக் கழட்டியிருக்கு. பாவம், அவசரத்துல செஞ்சிருச்சு" என்றார். பாவம் என்று சொல்லும்போது உண்மையாகவே பாவப்பட்டார். பிறகு, "கங்காணியக் கேளுங்க, அவருதான் மொதல்ல ஓடிவந்த ஆளு" என்று மாரிமுத்து அண்ணனைக் காட்டினார்.

மாரிமுத்து அண்ணன் முன்னால் வந்தார். கங்காணிக்குக் கொடுக்கிற தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். இந்த மனுஷன் ஒரே ஒரு வார்த்தை, இருந்துச்சுங்க என்று சொன்னால் போதும், என் விரலுக்கு நானே பொறுப்பு என்று ஆகிவிடும்.

மிஸ் அந்த மூடியைக் குனிந்து பார்த்தார். "இது என்ன குங்குமம்?"

"பூசை போட்டதுங்க மிஸ். ரத்தம் விழுந்தா ரோதமுனிக்குப் பூசை போட்டுத்தான் மறுபடி ஓட்டுவோம்."

"மூடிக்கு எதுக்குப் பூசை?"

"மெஷினு கொறையா நிக்கக் கூடாதுங்க. அப்புடி நின்னா சாமி ஏத்துக்கிறாது. அதான் மூடியக் கொண்டாந்து மாட்டிட்டு, பெறகு சூடம் காட்டுனேன்."

"எங்கருந்து கொண்டாந்தீங்க?"

"சாமான் காம்பராவுல இருந்துங்க. தீவாளிக்கு முந்தியிருந்து அங்கதான கெடந்துச்சு. தூசி தட்டித்தான் எடுத்தேன். ஐயாதான் சாவி குடுத்தாரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, மரியாதையாகச் சேர்த்தார்: "தேங்காயும் ஐயா காசுதாங்க."

டீமேக்கர் ஐயா ஜன்னல் பக்கம் திரும்பினார். மிஸ் எழுதிக்கொண்டார், எழுதி முடித்து மாரிமுத்து அண்ணனுக்கு வாசித்தும் காட்டினார். அவர் கையெழுத்துப் போட்டார், தன் பெயரை முழுசாக, இனிஷியலோடு.

லயத்துக்குத் திரும்பும் வழியில் அவரை நிறுத்தினேன். சந்திரன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

"அண்ணே, தெரிஞ்சுதான் சொன்னீங்களா? இல்ல, பூசையப் பத்திக் கேட்டாங்கன்னு வாய்ல வந்தத சொன்னீங்களா?"

அவர் தேயிலைச் செடியில் ஒரு கிளையைக் கிள்ளிக்கொண்டே நின்றார்.

"தெரிஞ்சு சொன்னேன்னா, அன்னைக்கு மூடிய மாட்டுனதும் தெரிஞ்சு செஞ்சதுதானான்னு அடுத்து கேப்ப. தெரியாம சொன்னேன்னா, இவன் ஒரு மடையன்னு நெனப்ப. நீ எதுன்னு வச்சுக்கிறியோ வச்சுக்க தங்கச்சி."

"சாவி குடுக்கும்போது ஐயா என்ன சொன்னாரு?"

"நல்லா பூசை போடுன்னாரு. நான் போட்டேன்." பிறகு என்னைப் பார்த்தார். "காளி கொண்டாந்த சோத்தையும் சந்தேகப்பட்டியாமே."

"ஆமா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தொப்பி அவரிடம் அதிக நாள் இருக்கவில்லை. மாதம் முடிவதற்குள் பழையபடி அரைக்கிற பக்கத்துக்கே அனுப்பிவிட்டார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமும்போதெல்லாம் யோசிப்பேன்.

நட்டஈடு வந்தது. சீக்கிரம் வரவில்லை, கொழும்புக்கு எத்தனையோ தடவை நடக்க வைத்துவிட்டுத்தான் வந்தது. தோட்டை மீட்டோம். எங்கள் காம்பராவை யாரும் கேட்கவில்லை. வைத்திய அதிகாரி என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அளவெடுத்தபோது, மடுவத்துத் தராசு ஞாபகம்தான் வந்தது. இந்தத் தடவை முள்ளைப் பிடித்திருந்த கையையும் பார்த்தேன். நியாயமாகத்தான் நிறுத்தார்.

வேலைக்குத் திரும்பியபோது எனக்கு இலகு வேலை கொடுத்தார்கள். சல்லடைப் பக்கத்திலேயே ஓரமாக உட்கார்ந்து, தூளில் கிடக்கிற குச்சியைப் பொறுக்குவது. அதற்கு இரண்டு விரல் போதும். பெல்ட்டில் என் இடத்துக்குக் காளியம்மாவைப் போட்டிருந்தார்கள்.

மழை பெய்து கொழுந்து குவிகிற காலம் வந்தது. ஒரு நாள் காலையில் உள்ளே போனேன். மூடி சுவரில் சாய்த்து வைத்திருந்தது. குங்குமம் அழிந்து ஒரு கறை மட்டும் மிச்சம். யார் கழற்றியது என்று யாரையும் கேட்கவில்லை. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது, உருளையில் நார் சுற்றியிருந்தது. காளியம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எனக்குக் கோழி ரசம் ஊட்டிய அதே கையை உள்ளே நீட்டப் போனாள்.

எழுந்து போய்ச் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். பேக்டரி முழுக்கச் சத்தம் அடங்கியது. பின்னால் தூள் குவிந்து கொட்ட ஆரம்பித்தது.

டீமேக்கர் ஐயா ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். "யாரு அமத்துனது? யாரக் கேட்டு அமத்துனீங்க?"

பெண்கள் எல்லோரும் சுவரோரமாகப் போய்த் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.